உள்ளங்காலைச் சுட்ட எட்டு

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர் விமானத் திடலுக்கு வந்து பாருங்கள். விமானத்தைவிடச் செருப்புதான் அதிகமாகக் கண்ணில் படும். வாசல் கேட்டிலிருந்து கம்பிவேலி ஓரமாக ஜோடியும் ஒற்றையுமாகக் குவியல் குவியலாகக் கிடக்கும். எனக்குத் தொழில் செருப்புக் கடை. ஊரே செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு வெயிலில் நின்றால் எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

எதற்காகக் கழற்றினார்கள் என்கிறீர்களா? சாமி வருகிறார். கூட்டெண் சாமி!

இந்தச் சாமி பிறக்கும்போது சாமி இல்லை. வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுகிற கடை வைத்திருந்தார். சும்மா எழுதிக் கொடுத்தால் கூலி, ராசி பார்த்து எழுதிக் கொடுத்தால் காணிக்கை என்று ஒருநாள் அவருக்கு ஞானம் பிறந்தது. மறுநாளே கடைக்குப் பூட்டுப் போட்டார். ஆனால் ஸ்டிக்கர் வெட்டுகிற மெஷினை மட்டும் விற்கவில்லை. விவரமான ஆள்.

கூட்டெண் என்றால் பெரிய சாஸ்திரம் ஒன்றுமில்லை. எந்த எண்ணைக் கொடுத்தாலும் அதிலுள்ள இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி ஒற்றை இலக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை விரல் விட்டுச் செய்துவிடும். அதையே கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தில் கை வைத்து, இடையிடையே ஒரு "ம்ம்ம்" போட்டுச் செய்தால் காலில் விழுகிறார்கள். வீட்டு எண், வண்டி எண், பிள்ளையின் பரீட்சை எண் எல்லாம் சாமி பார்ப்பார். அவருக்கு ஆகவே ஆகாத எண் ஒன்று உண்டு. எட்டு. "எட்டு இழுக்கும்" என்பார் சாமி. எங்கே இழுக்கும், எதை இழுக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

இந்த எட்டால் ஊரில் யார் கெட்டாரோ தெரியாது, நான் கெட்டேன். எட்டாம் நம்பர் செருப்பு விற்பனை அடியோடு படுத்துவிட்டது. எட்டு அளவுக் கால் உள்ளவர்கள் ஏழை வாங்கி நொண்டினார்கள், அல்லது ஒன்பதை வாங்கி முன்னால் பஞ்சு திணித்துக்கொண்டு தரதரவென்று இழுத்து நடந்தார்கள். தெருவில் நின்று பார்த்தால் ஊருக்கே ஏதோ வாதநோய் வந்த மாதிரி இருக்கும்.

சரி, விமானத் திடலில் சாமிக்கு என்ன வேலை? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

எங்கள் திடலில் இரண்டு ஓடுதளங்கள். ஒன்று தார் போட்டது, நீளமானது, அகலமானது. இன்னொன்று புல்தரை, குட்டையானது. அது முடிகிற இடத்தில் வரிசையாக மரம், மரத்துக்குப் பின்னால் குளிர்பதனக் கிடங்கின் சுவர். ஓடுதளத்தின் ஒவ்வொரு முனையிலும் வெள்ளைப் பெயின்டில் பெரிதாக ஓர் எண் எழுதியிருப்பார்கள். தார் தளத்தின் ஒரு முனையில் 08, மறுமுனையில் 26. புல் தளத்தில் 14, மறுமுனையில் 32.

இப்போது கூட்டிப் பாருங்கள். எட்டு என்றால் எட்டு. இரண்டும் ஆறும் எட்டு. அந்தப் பக்கம் ஒன்றும் நான்கும் ஐந்து. மூன்றும் இரண்டும் ஐந்து.

"பாத்தீங்களா அதிசயத்தை!" என்று சாமி இரண்டு கையையும் தூக்கினார். "எந்த முனையில நின்னாலும் அதே எண்! இது மனுஷன் எழுதினதா? மனுஷன் கையால எழுத வெச்ச சக்தி எது? தார் தளம் ரெண்டு பக்கமும் எட்டு. புல் தளம் ரெண்டு பக்கமும் அஞ்சு. ஒண்ணு காவு கேக்குற தளம், ஒண்ணு காப்பாத்துற தளம்!"

கூட்டம் "ஆ!" என்றது. ஒரு அம்மாள் அழுதேவிட்டார்.

அன்றிலிருந்து சொந்தமாக விமானம் கட்டுகிறவர் எவரும் சாமியைக் கேட்காமல் முதல் பறப்புக்கு ஓடுதளம் தேர்ந்தெடுப்பதில்லை. அப்படிச் சொந்தமாகக் கட்டுகிற கிறுக்கர்கள் எங்கள் ஊரில் ஒரு கை விரலுக்கு மேல் உண்டு. அதற்கென்று ஒரு கிளப், அதற்கொரு செயலாளர். சாமி எல்லோரையும் புல்லுக்குத்தான் அனுப்புவார். ஒருவர் விமானம் புல் தளம் போதாமல் வேலியில் மோதி மூக்கு உடைந்தது. "மரத்துல மோத வேண்டியது வேலியோட போச்சு" என்றார் சாமி. விமானக்காரர் கழுத்துப் பட்டையோடு வந்து காணிக்கை வைத்தார். இன்னொருவர் பள்ளிக்கூட வாத்தியார். சாமியைக் கேட்காமல் தார் தளத்தில் பறந்து பத்திரமாக இறங்கினார். "எட்டு உடனே அடிக்காது, வெச்சு அடிக்கும்" என்றார் சாமி. அடுத்த மாதம் வாத்தியாருக்கு ஜலதோஷம் பிடித்தது. ஊர் மூக்கின் மேல் விரலை வைத்தது.

இந்த லட்சணத்தில்தான் பல் டாக்டரின் விமானம் தயாரானது.

பல் டாக்டர் வீடு என் கடைக்கு அடுத்த கட்டடம். முன்பக்கம் கிளினிக், பின்பக்கம் கார் நிறுத்துகிற கொட்டகை. கார் பல வருஷமாகத் தெருவில்தான் நிற்கிறது. கொட்டகையில் விமானம். காலையில் பல் பிடுங்குவார், மாலையில் ரிவெட் அடிப்பார். ஒருவர் உட்காரக்கூடிய சின்ன விமானம். தலைக்கு மேலே இறக்கை, இறக்கைக்குள் பெட்ரோல் தொட்டி, முன்னால் மரத்தில் இழைத்த விசிறி. கட்டியவர் டாக்டர். ஓட்டப்போகிறவர் அவர் மனைவி. அந்த அம்மாள் வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டுகிற விமானி. அவரைத்தான் ஊர் "டாக்டரம்மா" என்று கூப்பிடும், பல் டாக்டரின் மனைவி என்பதால். டாக்டருக்கோ வானத்தில் ஏறினால் வாந்தி வரும். யாரும் அவரை "பைலட்டய்யா" என்று கூப்பிட்டதில்லை.

ஒருநாள் மாலை டாக்டர் என்னைக் கூப்பிட்டுத் தொட்டியின் மூடியைக் காட்டினார். "இங்க பாருங்கண்ணே, மூடியில ஓட்டை தெரியுதா?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். ஊசி நுழைகிற மாதிரி ஒரு துளை.

"பல்லுக்குப் போடுற டிரில்லால நானே போட்டேன்" என்றார் பெருமையாக. "பெட்ரோல் கீழ எறங்க எறங்க, அந்த எடத்துக்குக் காத்து உள்ள வரணும். வரலேன்னா பெட்ரோல் எறங்காது. தொட்டிக்கும் மூச்சு விடணும்ல?"

எத்தனை அறிவு பாருங்கள். இந்த அறிவாளிதான் மறுநாள் காலையில் சாமிக்கு முன்னால் வெறுங்காலோடு கைகட்டி நின்றார்.

சாமி கண்ணை மூடினார். "ம்ம்ம்" போட்டார். விமானத்தின் பதிவெண்ணைக் கூட்டினார், டாக்டர் பிறந்த தேதியைக் கூட்டினார், டாக்டரம்மா பிறந்த தேதியைக் கூட்டும்போது முகத்தைச் சுளித்தார். பிறகு கண்ணைத் திறந்து, "புல்லு!" என்றார். கூடவே ஒரு ஸ்டிக்கரை எடுத்து நீட்டினார். வட்டமாக, வெள்ளியாகப் பளபளவென்று, நடுவில் ஐந்து போட்டது.

"விமானத்தோட உயிர் எங்க இருக்கு? எண்ணெய்த் தொட்டி வாயில இருக்கு. அங்க இதை ஒட்டு மகனே. நம்ம கையால வெட்டினது. மழைக்கும் வராது, காத்துக்கும் போகாது."

அன்று கொட்டகையில் நடந்த சண்டை என் கடை வரைக்கும் கேட்டது. நான் ஒன்றும் ஒட்டுக் கேட்கவில்லை. அவர்கள் கத்தினார்கள், எனக்குக் காது இருக்கிறது.

"என்னங்க, நீங்க படிச்சவர்தானே?" என்றார் டாக்டரம்மா. "பல்லு பிடுங்கும்போது இது எத்தனையாவது பல்லு, கூட்டெண் என்னன்னு பாத்தா பிடுங்குறீங்க?"

"பல்லு வேற, உசுரு வேறம்மா. போறது நீ. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. அதனாலதான் தார் தளம் கேக்குறேன். புது என்ஜின், புது இறக்கை, எதுவும் இதுவரைக்கும் ஒரு தடவைகூட மேல போனதில்ல. எழும்பினதும் என்ஜின் நின்னுச்சுன்னா என்ன ஆகும்? தார்ல எனக்கு முன்னாடி இன்னும் பாதித் தரை மிச்சம் இருக்கும், அப்படியே எறக்கிடுவேன். உங்க அஞ்சாம் நம்பர்ல எனக்கு முன்னாடி என்ன இருக்கு? மரம். மரத்தைத் தாண்டினா சுவரு."

"என்ஜின் ஏன் நிக்கப் போகுது? அஞ்சுன்னா நிக்காது."

"அய்யோ!" என்று அந்த அம்மாள் எதையோ தூக்கிப் போட்ட சத்தம் கேட்டது. ஸ்பானராக இருக்கும்.

டாக்டர் கடைசியில் ஒரே பிடியாகப் பிடித்துவிட்டார். புல்லில் பறப்பதானால் விமானம் கொட்டகையை விட்டு வெளியே வரும், தாரில் என்றால் வராது, அவ்வளவுதான். அன்பில்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெண்டாட்டி மேல் வைத்த அன்பினாலேயே அவளை மரத்தை நோக்கி அனுப்பத் துணிந்தார். ஒரு ஸ்டிக்கர்க்காரன் சொல்லிவிட்டானே என்று!

டாக்டரம்மா அழவில்லை. நேராகக் கிளப் செயலாளரிடம் போனார். இரண்டு பேரும் நெடுநேரம் பேசினார்கள். செயலாளர் முதலில் மாட்டவே மாட்டேன் என்று தலையாட்டினார், பிறகு சிரித்தார். சிரித்ததை நானே பார்த்தேன். திரும்பி வந்து புருஷனிடம், "ஞாயித்துக்கிழமை உங்க சாமி முன்னாடியே கேட்டுடுவோம். அவர் நிரூபிச்சா நான் வாயத் தொறக்காம புல்லுல பறக்குறேன். நிரூபிக்கலேன்னா தாரு. சரியா?" என்றார்.

டாக்டருக்கு நிம்மதி. சாமி நிரூபிக்க மாட்டாரா என்ன!

ஞாயிறு வந்தது. சங்கதி பரவியிருந்ததால் செருப்புக் குவியல் வழக்கத்தைவிடப் பெரிது. தார் தளத்தின் இரண்டு முனைகளிலும் எண் எழுதிய இடத்தைக் கெட்டியான தார்ப்பாய் போட்டு மூடி, ஓரங்களில் மணல்மூட்டை வைத்திருந்தார்கள். பராமரிப்பு வேலை, இன்று எந்த விமானமும் இறங்காது என்று செயலாளர் ஒலிபெருக்கியில் சொன்னார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. எல்லோர் கண்ணும் சாமி மேல்.

டாக்டரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"சாமி, ஒரு சந்தேகம். எட்டு கெட்டதுன்னு சொல்றீங்க. அது உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"எப்படித் தெரியுதா?" சாமி சிரித்தார். "தாயே, நெருப்பு சுடும்னு உனக்கு எப்படித் தெரியுது? அப்படித்தான். எட்டு மேல காலை வெச்சா எனக்கு உள்ளங்கால் கொதிக்கும். அஞ்சும் ஒம்போதும் ஐஸ் மாதிரி குளிரும். இதுக்குத்தானே உங்களையும் செருப்பைக் கழட்டச் சொல்றேன்."

"தார்ப்பாய் போட்டு மூடியிருக்கே சாமி. மேல நின்னா தெரியுமா?"

அங்கே ஒரு கணம் சாமி முழித்தார். ஆனால் சுற்றிலும் ஊர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறதே, என்ன செய்வார்? "தார்ப்பாய் என்ன தாயே, பாறாங்கல்லைப் போட்டு மூடினாலும் சுடும்!"

"அப்ப வாங்க சாமி" என்றார் டாக்டரம்மா, மிகவும் பணிவாக.

ஊரே பின்னால் நடந்தது. இத்தனை நாளும் 08 என்று எல்லோரும் பார்த்துப் பழகிய முனை. சாமி பாதரட்சையைக் கழற்றினார். அது என் கடைச் சரக்கு, ஒன்பதாம் நம்பர். வலதுகாலைத் தூக்கித் தார்ப்பாயில் வைத்தார். வைத்ததும் "ஆ!" என்று துள்ளினார். இடதுகாலை வைத்தார், "ஆ! ஆ!" என்றார். பிறகு கொதிக்கிற மணலில் அகப்பட்டவர் மாதிரி ஒற்றைக் கால் மாற்றி ஒற்றைக் கால் குதித்தபடியே தார்ப்பாய் முழுவதும் ஓர் ஆட்டம் போட்டார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. டாக்டர் கண்ணில் தண்ணீர்.

"எட்டு! எட்டு! பொசுக்குது!" என்று சாமி கத்திக்கொண்டே வெளியே குதித்து, உள்ளங்காலை ஊதிக்கொண்டார்.

செயலாளர் மணல்மூட்டைகளை நகர்த்தித் தார்ப்பாயைச் சுருட்டினார்.

தரையில் பளிச்சென்று, புது வெள்ளையில், 09.

முன்வரிசையில் நின்ற ஒருவர் குனிந்து, தலையைச் சாய்த்து, வேறு பக்கமிருந்தும் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் ஒன்பதுதான்.

"இதுல மாயம் மந்திரம் ஒண்ணும் இல்லீங்க" என்றார் டாக்டரம்மா. "இந்த நம்பர் என்னன்னு யாருமே கேக்கலை. காம்பஸ் எந்தத் திசை காட்டுதோ, அதைப் பத்தால வகுத்து எழுதுறாங்க. அவ்வளவுதான். காம்பஸ் காட்டுற வடக்கு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா நகரும். பல வருஷத்துக்கு ஒரு தடவை நம்பரை அழிச்சு மாத்தி எழுதணும். எட்டு ஒம்போதா ஆகி ரொம்ப நாளாச்சு. பெயின்டர் வந்து போன வெள்ளிக்கிழமைதான் எழுதினார்."

"அப்ப அந்த ரெண்டு பக்கமும் ஒரே கூட்டெண் வர்ற அதிசயம்?" என்று யாரோ கேட்டார்.

"எதிர்த்திசைன்னா நூத்தி எண்பது டிகிரி தள்ளி. பத்தால வகுத்தா பதினெட்டு. ஒண்ணும் எட்டும் ஒம்போது. எந்த எண்ணோட ஒம்போதைக் கூட்டினாலும் கூட்டெண் மாறாது. வீட்டுக்குப் போய்ப் பேப்பர்ல போட்டுப் பாருங்க. உலகத்துல எந்த ஊரு ஓடுதளத்தை எடுத்தாலும் ரெண்டு முனைக்கும் ஒரே கூட்டெண்தான். சக்தியும் இல்ல, சங்கும் இல்ல."

கூட்டத்தில் பாதிப் பேர் அங்கேயே விரல் விட ஆரம்பித்தார்கள்.

சாமி லேசுப்பட்டவரா? தொண்டையைக் கனைத்தார். "பழைய எட்டு அடியில இருக்கு! பெயின்ட் அடிச்சா போயிடுமா? அதோட சூடுதான் எனக்குப் பட்டது."

"அப்படியா சாமி? எட்டுக்கு முன்னாடி அங்க ஏழு இருந்துச்சே, அது பட்டுச்சா?"

கூட்டத்தில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. நான்தான். சாமி என்னை முறைத்தார்.

"சரி, போகட்டும். இன்னொரு முனை இருக்கு" என்றார் டாக்டரம்மா. "அதையும் சொல்லிடுங்க. மேல இருக்கிற நம்பரையே சொல்லுங்க, போதும்."

இப்போது சாமியின் மண்டைக்குள் என்ன ஓடியிருக்கும் என்று என்னால் அச்சுப் பிசகாமல் சொல்ல முடியும். இந்தப் பக்கம் 09 என்றால் அந்தப் பக்கம் 27 என்று எழுதியிருப்பார்கள். இரண்டும் ஏழும் ஒன்பது. இந்தத் தடவை குளிர வேண்டியதுதான்! நடக்க நடக்க அவர் முகத்தில் பழைய களை திரும்பி வந்தது. மறுமுனைத் தார்ப்பாயில் கம்பீரமாக ஏறி நின்றார். கண்ணை மூடினார். உடம்பை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தார்.

"ஆஹா... பனிக்கட்டி! என்னா குளிர்ச்சி! ஒம்போதுடா இது! எட்டோட நிழல்கூட இந்தப் பக்கம் இல்ல!"

செயலாளர் தார்ப்பாயைச் சுருட்டினார்.

பழுப்பேறிப் போன பழைய பெயின்டில், 26. இரண்டும் ஆறும் எட்டு.

"பெயின்டர் இன்னும் இந்தப் பக்கம் வரலைங்க சாமி" என்றார் டாக்டரம்மா. "டப்பா தீந்துபோச்சு. நாளைக்கு வருவார்."

அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள்! முன்பு அழுத அந்த அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒன்பதில் வெந்து எட்டில் குளிர்ந்த சாமி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "சாமி, காலு மரத்துப்போச்சா பாருங்க!" என்று ஒருவன் கத்தினான். கழுத்துப் பட்டைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்த ஸ்டிக்கரை எடுத்து நான்காகக் கிழிக்கப் பார்த்தார். கிழியவில்லை. அந்த அளவுக்குக் கெட்டியான சரக்கு. சாமி கூட்டத்தின் பக்கவாட்டில் நழுவி, வேலியைத் தாண்டி, வெறுங்காலோடு ஓடினார். முள்ளும் சரளையும் உள்ள பாதை. அப்போது நிஜமாகவே உள்ளங்கால் சுட்டிருக்கும்.

டாக்டர் தலைகுனிந்து நின்றார். "தார்லயே பற" என்று மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் சந்தோஷமாகக் கடையைத் திறந்திருப்பேன். முடியவில்லையே!

அடுத்த ஞாயிறு. இரண்டு முனையிலும் புது எண்கள் காய்ந்து தயார். ஊர் இந்த முறை செருப்போடு வந்திருந்தது. மேற்கிலிருந்து இளங்காற்று. டாக்டரம்மா விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு ஆணியையும் தொட்டுப் பார்த்தார். முக்காலி போட்டு ஏறி இறக்கையின் மேலிருந்த தொட்டி மூடியைத் திருகிப் பார்த்தார், துளையை ஊதிப் பார்த்தார். இறங்கி, உள்ளே உட்கார்ந்து பட்டையை மாட்டினார். டாக்டர் அதே முக்காலியில் ஒரு துணியோடு ஏறி இறக்கையைத் துடைத்தார். பாவம், எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும் போலிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் இறங்கி முக்காலியை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

விமானம் முனைக்குப் போய்க் காற்றை நோக்கித் திரும்பியது. உறுமியது. ஓடியது. சக்கரம் தரையை விட்டது. ஊர் கைதட்டியது. டாக்டர் என் தோளை இறுக்கிப் பிடித்தார்.

அப்போது என்ஜின் ஒரு தடவை இருமியது. மறுபடி இருமியது. நின்றேவிட்டது.

அந்த அமைதி மாதிரி ஒன்றை நான் கேட்டதில்லை. வீட்டுக் கூரை உயரத்தில், விசிறி சுற்றாமல், டாக்டரம்மா உள்ளே உட்கார்ந்திருக்க, விமானம் மிதந்தது. டாக்டரின் நகம் என் தோளில் இறங்கியது. டாக்டரம்மா மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தினார். முன்னால் பாதித் தார் தளம் இன்னும் மிச்சம் கிடந்தது. ஒரு குலுக்கல், இன்னொரு குலுக்கல், சக்கரம் கிறீச்சிட்டது. ஓடி ஓடி, ஓடுதளம் முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது.

என் கண் தானாகப் புல் தளத்தின் பக்கம் போனது. அந்த மரங்கள் சும்மா அசைந்துகொண்டிருந்தன.

நாங்கள் ஓடிச் சேர்வதற்குள் டாக்டரம்மா இறங்கி, சக்கரத்தின் மேல் கால் வைத்து இறக்கையைப் பிடித்து ஏறியிருந்தார். தொட்டி மூடியைத் திருகினார். "உஸ்ஸ்ஸ்" என்று காற்று உள்ளே பாய்கிற சத்தம் எங்களுக்கே கேட்டது. மூடியை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அதன் தலையில், ஊசித் துளையை அழகாக மூடிக்கொண்டு, வட்டமாக, வெள்ளியாகப் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர். நடுவில் ஐந்து. மழைக்கும் வராது, காற்றுக்கும் போகாது.

எல்லோரும் டாக்டரைப் பார்த்தோம்.

"மனசு கேக்கலம்மா" என்றார் டாக்டர். "சாமி பொய்யின்னு தெரியும். நானும்தான் பாத்தேன். ஆனா அந்த அஞ்சு... அது பொய்யா இல்லாம இருந்துட்டா என்ன பண்றதுன்னு... ஒண்ணே ஒண்ணுதானேன்னு..."

டாக்டரம்மா நகத்தால் நெம்பி ஸ்டிக்கரைப் பிய்த்தார். இறங்கி வந்து, புருஷனின் மூக்கின் மேல் அதை அழுத்தி வைத்து, மூக்கையும் வாயையும் சேர்த்து உள்ளங்கையால் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க மூச்சு. அஞ்சுதானே? விடுங்க."

டாக்டர் கண்ணை உருட்டினார். கையை உதறினார். முகம் சிவந்தது. கையை எடுத்ததும் தோல் துருத்தி மாதிரி இழுத்து இழுத்து மூச்சு வாங்கினார்.

"நீங்க போட்ட ஓட்டை அது" என்றார் டாக்டரம்மா. இப்போதுதான் அவர் கண் கலங்கியது. "மூச்சு விடணும்னு நீங்களேதான் சொன்னீங்க. உங்க கை அறிஞ்சதை உங்க பயம் அடைச்சிருச்சு. நான் செத்திருப்பேங்க. நீங்க ஆசையா ஒட்டினதால செத்திருப்பேன்."

டாக்டர் அங்கேயே தாரில் உட்கார்ந்து அழுதார். யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவன் வண்டியிலும் ஒன்று ஒட்டியிருக்கிறதே, எப்படிச் சிரிப்பான்?

சாயங்காலம், எல்லாவற்றையும் மறுபடி பிரித்துப் பார்த்துவிட்டு, அதே தார் தளத்தில் டாக்டரம்மா மறுபடியும் எழும்பினார். இந்தத் தடவை டாக்டர் முக்காலிப் பக்கமே போகவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். விமானம் ஊரைச் சுற்றிவிட்டுப் பூப்போல இறங்கியது.

கூட்டம் கலையும்போது என் பக்கத்தில் ஒருவர், பஞ்சு திணித்த ஒன்பதாம் நம்பரை இழுத்து இழுத்து நடந்துகொண்டே, "என்ன சொல்லுங்க, நம்பரை ஒம்போதுன்னு மாத்தி எழுதின நேரம், அந்தம்மா பொழச்சுது!" என்றார். இத்தனையும் பார்த்த கண்ணய்யா அது!

மறுநாள் காலையில் அதே ஆள் கடைக்கு வந்தார். இடமும் வலமும் பார்த்துவிட்டு என் காதோரம் குனிந்தார். "எட்டுல ஒரு ஜோடி குடுங்க."

"ஏன், ஒம்போது ராசியாச்சே?"

"கழண்டு கழண்டு விழுதுங்க. நேத்து படியில உருண்டுட்டேன்."

எட்டை எடுத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தார். நாலடி நடந்து பார்த்தார். குதிகாலைத் தூக்கிப் பார்த்தார், விரலை அசைத்துப் பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், எழுந்து பார்த்தார். கண்ணாடிக்கு முன்னால் போயும் பார்த்துவிட்டு வந்தார். "கச்சிதம்!" என்றார். முகத்தில் அப்படி ஒரு சுகம்.

அப்போதுதான் கேட்டேன். உங்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

"ஏன்யா, காலுக்குப் போடுற செருப்பை இத்தனை தடவை நடந்து பாத்து வாங்குறியே, தலைக்குள்ள போடுற சாமியாரை மட்டும் ஏன்யா ஒரு தடவைகூடச் சோதிச்சுப் பாக்காம வாங்கினே?"